தமிழின் பெயர் தாங்கிய செந்தேள்... அதன் விஷத்துக்கு உலக ஆய்வகங்களில் என்ன வேலை?

ராத்திரி பத்து மணிக்கு மேல் குழந்தை வீறிட்டு அலறினால், கல்வராயன் மலைக் கிராமங்களில் முதலில் தேடுவது டார்ச் லைட்டைத்தான். பாயை உதறிப் பார்ப்பார்கள். விறகுக் கட்டை நகர்த்திப் பார்ப்பார்கள். சுவரோரம் கிடக்கும் செருப்பைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு மூலையில், கொடுக்கை முதுகுக்கு மேல் வளைத்துக்கொண்டு அது நிற்கும்... தேள்!

அடுத்து வீட்டுக்குள் ஒரு விவாதம் ஆரம்பிக்கும். "தேள்தானே, விடிஞ்சா சரியாப் போயிடும்" என்பார் பாட்டி. "மந்திரிச்சிட்டு வந்துடலாம்" என்பார் பெரியப்பா. "வேணாங்க, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்பார் அம்மா. மலைப்பாதை, இருட்டு, வண்டி கிடைக்குமா என்ற கவலை எல்லாம் சேர்ந்து அந்த விவாதத்தை நீட்டிக்கும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நடக்கும் காட்சிதான் இது. பெரும்பாலான நேரங்களில் பாட்டி சொல்வதே பலித்துவிடுகிறது, விடிந்ததும் வலி குறைந்துவிடுகிறது. ஆனால், கொட்டியது செந்தேளாக இருந்து, கொட்டு வாங்கியது சின்னக் குழந்தையாக இருந்தால், விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

ஏன் அப்படி? ஒரு துளி விஷம் உடம்புக்குள் போய் எதைத் தொடுகிறது? இந்தக் கேள்விக்கான பதில், மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு கண்ணாடி ஊசியின் முனையில் கிடைத்தது. அந்தப் பதிலைத் தேடிய விஞ்ஞானிகளுக்கு, தேளின் விஷமே கருவியாகவும் உதவியது. அதில் ஒரு தேளின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது!

‘டாமுலஸ்’ என்றால் தமிழ்!

நம் ஊர்களில் பொதுவாகப் பார்க்கும் தேள்களை மக்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, பெரிய கிடுக்கிகளோடு கறுப்பாக இருக்கும் கருந்தேள். பார்த்தாலே பயம் வரும். ஆனால், பெரும்பாலும் வலியோடு போய்விடும். இன்னொன்று, சின்னதாக, செம்பழுப்பு நிறத்தில், மெல்லிய கிடுக்கிகளோடு இருக்கும் செந்தேள். உருவத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால், இந்தியாவில் உயிருக்கு ஆபத்தான தேள்களில் முதலிடம் இதற்குத்தான்.

இந்தச் செந்தேளை 1798-ல் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபேப்ரிசியஸ் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் வைத்த பெயரில் உள்ள ‘டாமுலஸ்’ என்ற சொல், லத்தீனில் தமிழைக் குறிப்பது. முன்பாதிப் பெயர் காலப்போக்கில் பலமுறை மாறிவிட்டது. புத்தஸ் என்றார்கள், மீசோபுத்தஸ் என்றார்கள், இப்போது ஹாட்டன்டோட்டா என்கிறார்கள். ‘டாமுலஸ்’ மட்டும் 200 ஆண்டுகளைத் தாண்டியும் மாறாமல் நிற்கிறது.

செல்லுக்குள் ஒரு கோமுகி அணை

விஷம் என்ன செய்கிறது என்று புரிய, முதலில் நம் உடம்பின் செல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது... கச்சிராயபாளையம் அருகே உள்ள கோமுகி அணை.

அணையில் ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. மறுபக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. நடுவே மதகு. மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாயும், மூடினால் நிற்கும். எந்த மதகு, எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதில்தான் பாசனமே அடங்கியிருக்கிறது.

நம் நரம்பு செல்லும் இப்படித்தான். செல்லைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இவை மின்சுமை ஏந்திய துகள்கள், அதாவது அயனிகள். சவ்வின் குறுக்கே இவை நினைத்தபடி போய்வர முடியாது. அதற்கென்று புரதத்தால் ஆன மதகுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் ‘அயனி வாய்க்கால்’ என்கிறார்கள்.

சோடியம் மதகு திறந்தால் சோடியம் உள்ளே பாய்கிறது. நரம்பில் மின்துடிப்பு கிளம்புகிறது. ஓரிரு மில்லி நொடியில் அந்த மதகு மூடிக்கொள்கிறது. பொட்டாசியம் மதகு திறந்து, பொட்டாசியம் வெளியேறி, நரம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. கை சுட்டதும் வெடுக்கென்று இழுப்பது, இதயம் துடிப்பது, இந்த வரியை நீங்கள் படிப்பது... எல்லாமே இந்த மதகுகள் திறந்து மூடுவதால்தான் நடக்கின்றன.

செந்தேளின் விஷத்தில் இருக்கும் சில சிறு புரதங்கள், சோடியம் மதகைச் சரியான நேரத்தில் மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில, பொட்டாசியம் மதகின் வாயில் கார்க் போல அடைத்துக்கொள்கின்றன. விளைவு, நரம்புகள் நிற்காமல் துடிக்கின்றன. அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் ரத்தத்தில் வெள்ளமாகக் கலக்கின்றன. ரத்தக்குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தம் எகிறி, இதயம் திணறுகிறது. நிலைமை முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. செந்தேள் கொட்டில் மரணம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

கணவாயில் தொடங்கிய கதை

கண்ணுக்கே தெரியாத இந்த மதகுகளை விஞ்ஞானிகள் எப்படி அளந்தார்கள்?

முதலில் கைகொடுத்தது, நம் மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் கணவாயின் உறவுக்காரன். கடலில் வாழும் ஒருவகைக் கணவாயின் உடலில், ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பிழை உண்டு. மனித நரம்பிழையோடு ஒப்பிட்டால் அது ராட்சச சைஸ். அதற்குள் மெல்லிய கம்பியையே செருகிவிடலாம்.

இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதைத்தான் செய்தார்கள். சவ்வின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்திவிட்டு, அப்போது எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அளந்தார்கள். ‘வோல்டேஜ் கிளாம்ப்’ என்பது அந்த முறையின் பெயர். சோடியம், பொட்டாசியம் ஓட்டங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டிய அவர்களின் ஆய்வு 1952-ல் வெளியானது. 1963-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால், அவர்கள் அளந்தது ஆயிரமாயிரம் மதகுகளின் மொத்த ஓட்டத்தைத்தான். தனி ஒரு மதகு திறப்பதை யாரும் பார்த்ததில்லை. அப்படி மதகு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம்கூட அப்போது இருந்தது.

கண்ணாடி ஊசியின் மாயம்

அந்தச் சந்தேகம் தீர்ந்தது 1976-ல். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால், முனை ஊசிபோல நீளும். அதன் வாய் சுமார் ஒரு மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! அந்த வாயை ஒரு தவளையின் தசை செல்மீது மெதுவாக வைத்து அழுத்தினார்கள். ஊசியின் வாய்க்குள் சிக்கிய சின்னத் துண்டுச் சவ்வில் இருந்த ஒரேயொரு மதகு திறப்பதும் மூடுவதும், திரையில் படிக்கட்டு போலத் தெரிந்தன. ‘பேட்ச் கிளாம்ப்’ பிறந்தது இப்படித்தான்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். ஊசியை வைத்ததும் மெல்ல உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ராவை உதட்டில் வைத்து உறிஞ்சியபடி ஒரு பிளாஸ்டிக் பேப்பரைத் தூக்குவோமே, கிட்டத்தட்ட அப்படி. பக்கவாட்டில் மின்சாரம் கசியாததால், அளவீடு பல மடங்கு துல்லியமானது. இருவருக்கும் 1991-ல் நோபல் பரிசு.

அவர்கள் அளந்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஆம்பியரை ஒரு லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குப் பெயர் பிகோ ஆம்பியர். ஒரு மதகில் ஓடுவது அப்படிச் சில பிகோ ஆம்பியர்கள்தான். ஆனால், அந்த ஒரு பிகோ ஆம்பியரிலேயே நொடிக்கு சுமார் 60 லட்சம் அயனிகள் கடந்துபோகின்றன!

இவ்வளவு சின்ன ஓட்டத்தை அளக்க வேண்டும் என்பதால், பேட்ச் கிளாம்ப் அறைக்குள் கட்டுப்பாடுகள் அதிகம். வெளியே லாரி போனால்கூட ஊசி நழுவிவிடும் என்பதால், மைக்ராஸ்கோப் காற்றின்மேல் மிதக்கும் கனமான மேஜையில் இருக்கும். ட்யூப் லைட், செல்போன் ஆகியவற்றின் மின் இரைச்சல் புகாமல் இருக்க, மேஜையைச் சுற்றி உலோக வலைக் கூண்டு இருக்கும். ஊசியைக் கையால் நகர்த்த முடியாது. மைக்ரான் மைக்ரானாக நகர்த்தும் தனிக் கருவி உண்டு. இத்தனையும் இருந்தும், ஒரு நல்ல ‘ஒட்டு’ கிடைக்க ஆராய்ச்சி மாணவர்கள் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

விஷமே கருவியான கதை

ஊசி கிடைத்தாயிற்று. ஆனால், ஒரு செல்லில் பலவகை மதகுகள் கலந்து இருக்கின்றன. இப்போது திறந்தது எந்த மதகு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். அதே வேலையைத்தான் விஷம் செய்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேளின் விஷம், குறிப்பிட்ட ஒரு மதகை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையாகியிருக்கிறது. அதை ஆய்வகத்தில் செல்மீது விட்டால் எந்த ஓட்டம் நிற்கிறதோ, அதுதான் அந்த மதகு!

இதற்காகத் தேளின் கொடுக்கில் மிக லேசான மின்சாரம் கொடுத்து விஷத்தைச் சொட்டவைக்கிறார்கள். அந்த ஒரு துளியில் பல புரதங்கள் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள்.

அப்படி, 1990-ல் அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் நம் செந்தேளின் விஷத்திலிருந்து பிரித்த ஒரு புரதம் ஐபீரியோடாக்சின். வெறும் 37 அமினோ அமிலங்கள் கொண்டது. ரத்தக்குழாய்த் தசைகளிலும் நரம்புகளிலும் இருக்கும், ‘பி.கே.’ எனப்படும் பெரிய பொட்டாசியம் மதகை மட்டும் அடைக்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த மதகை ஆராய்கிற ஆய்வகங்களின் ஃப்ரீசரில் இதைப் பார்க்கலாம். இப்போது தேளைத் தேடாமல், செயற்கையாகவே தயாரிக்கவும் செய்கிறார்கள்.

2002-ல் அதே செந்தேளிலிருந்து இன்னொரு புரதம் வெளியே வந்தது. 31 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு வைத்த பெயர் ‘டாமாபின்’. மூளை செல்களில் இருக்கும் ‘எஸ்.கே.’ என்ற சிறிய பொட்டாசியம் மதகை இது அடைக்கிறது. ஒருமுறை துடித்த நரம்பு செல், அடுத்த துடிப்புக்கு முன் எவ்வளவு ஓய்வெடுக்கிறது என்பதை ஆராய இது உதவுகிறது.

பாலைவனத் தேள் ஒன்றின் விஷமும் பெரிய காரியம் செய்திருக்கிறது. அதில் கிடைத்த கேரிப்டோடாக்சின் என்ற புரதத்தை வைத்து, ஒரு பொட்டாசியம் மதகு நான்கு துண்டுகள் சேர்ந்து உருவானது என்று 1991-ல் கண்டுபிடித்தார் ராடரிக் மெக்கினன். இவர் டாக்டருக்குப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். 1998-ல் பொட்டாசியம் மதகின் முழு வடிவத்தையும் எக்ஸ்ரே மூலம் படம்பிடித்தார். 2003-ல் வேதியியல் நோபல் பெற்றார்.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலும்...

இதெல்லாம் எங்கோ நடக்கும் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். பல் பிடுங்கும்முன் டாக்டர் போடுகிற மரத்துப்போகும் ஊசி, லிக்னோகைன். சோடியம் மதகை அடைத்து, வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் தடுப்பதே அதன் வேலை. தேள் கொட்டிய இடத்தில் வலி தாங்க முடியாதபோதும் இதே ஊசியைத்தான் போடுகிறார்கள். விஷம் திறந்துவைப்பதும் மருந்து மூடுவதும் ஒரே வகை மதகைத்தான்!

அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை, கால்சியம் மதகைக் கட்டுப்படுத்துகிறது. டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை, இதயத்தின் ஒரு பொட்டாசியம் மதகை அடைத்து, துடிப்பைத் தடுமாறவைப்பது தெரிந்ததால் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பிறகு புதிய மருந்துகளை, இதயத்தின் அந்த மதகைப் பாதிக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சோதனைக்கும் அடிப்படை பேட்ச் கிளாம்ப்தான்.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்த மதகுகள் குறித்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உயிரியலும் இயற்பியலும் சேர்ந்து பிடிக்கும் பிள்ளைகளுக்கு, இது கதவு திறந்திருக்கும் துறை.

படுக்கையருகே ஒரு டாக்டர்

ஆய்வகத்தில் கண்ணாடி ஊசி பிறந்த அதே 1976-ம் ஆண்டில், மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத்தில் பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஓர் இளம் டாக்டர். பெயர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் கொட்டி வந்தவர்கள் அவர் கண் முன்னாலேயே இறந்தார்கள். அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. நோயாளியின் படுக்கையருகே இரவு முழுக்க உட்கார்ந்து, வியர்வை, நாடித்துடிப்பு, பிரஷர் ஆகியவற்றை மணிக்கு மணி குறித்துக்கொண்டார். 1982-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர் கண்டவை வெளியாகின.

இறுகிப்போன ரத்தக்குழாய்களைத் தளர்த்தினால் இதயம் தப்பும் என்று யோசித்த அவர், பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்தினார். பலன் கிடைத்தது. மேற்கு இந்தியாவில் தீவிர செந்தேள் கொட்டுக்கு ஆளானவர்களில் 25 முதல் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில், பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தும் கொடுக்கப்பட்டவர்கள் இன்னும் வேகமாகக் குணமானது தெரிந்தது. 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விஷம் எந்த மதகைப் பிடிக்கிறது என்று ஆய்வகம் சொன்னது. உயிரை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று ஆரம்ப சுகாதார நிலையம் சொன்னது. இரண்டும் சேர்ந்ததால்தான், தேள் கொட்டு இன்று சிகிச்சையால் வெல்லக்கூடிய ஒன்றாகியிருக்கிறது.

தேள் கொட்டினால்... கவனத்தில் கொள்ளுங்கள்!

* குழந்தைகளை, முதியவர்களை, இதய நோயாளிகளைத் தேள் கொட்டினால், வலி எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மலைப்பகுதி என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

* வாந்தி, உடல் முழுக்க வியர்வை, எச்சில் ஒழுகுதல், கை கால் சில்லிட்டுப்போதல், படபடப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஆண் குழந்தைகளுக்கு ஆணுறுப்பு விறைத்தே இருப்பதும் முக்கியமான அறிகுறி. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* ‘வலி குறைவுதான், ஒன்றும் ஆகாது’ என்று நினைக்காதீர்கள். விஷம் உடலுக்குள் பரவிய சிலருக்கு, கொட்டிய இடத்தில் வலி குறைவாகவே இருக்கலாம்.

* கொட்டிய இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். சோப்பு, தண்ணீரால் கழுவி, கை காலை அசைக்காமல் வையுங்கள்.

* பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து தேள் கொட்டுக்கு உதவாது. பிரசோசின் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. பிரஷர் சட்டென்று இறங்கிவிடலாம் என்பதால், டாக்டரின் கண்காணிப்பு அவசியம்.

* தேளைப் பிடித்துக்கொண்டு வர மெனக்கெட வேண்டாம். நிறம், அளவை நினைவில் வைத்துச் சொன்னாலே போதும். முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

* புற ஊதா ஒளியில் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். புற ஊதா டார்ச் ஒன்று வீட்டில் இருந்தால், படுக்கும்முன் மூலைமுடுக்குகளைப் பார்த்துவிடலாம். ஷூவையும் செருப்பையும் தட்டிவிட்டுப் போடுவதைப் பழக்கமாக்குங்கள்.

நேரம்தான் மருந்து

2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. முன்பு பெரிய சிகிச்சை என்றால் சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓட வேண்டியிருந்த தூரம் குறைந்திருக்கிறது. ஆனால், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் குக்கிராமத்திலிருந்து தார் ரோட்டுக்கு வந்துசேரும் தூரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்கே நேரம் வேண்டும் எனும்போது, வீட்டு விவாதத்தில் இழக்க அரை மணி நேரம்கூட மிச்சமில்லை.

ஒரு மதகு ஓரிரு மில்லி நொடியில் மூட வேண்டும். அது மூடாமல் போனால் என்ன ஆகும் என்பதை விஞ்ஞானிகள் பிகோ ஆம்பியர் கணக்கில் அளந்து சொல்லிவிட்டார்கள். மலை வீட்டில் ராத்திரி நேரத்தில், ‘வேணாங்க, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்’ என்று அம்மா சொல்வதன் அர்த்தமும் அதுதான். அந்தக் குரலுக்கு முதல் வார்த்தையிலேயே வீடு செவிசாய்க்கட்டும்!